மோட்டார் சைக்கிளின் கிளட்ச்: அதன் கோளாறும் சீராக்கும் முறையும்

மோட்டார் சைக்கிள் இக்காலத்தில் நம் மாணவர் பலர்க்கும், ஆசிரியர் சிலர்க்கும், பழைய மாணவர் பெரும்பாலார்க்கும் அன்றாட வாகனமாய் அமைந்துவிட்டது. அதன்மீது ஏறிச் செல்வோர் பலர். அதன் உள்ளமைப்பை அறிந்து செல்வோர் சிலர். அதன் உறுப்புக்களுள் இடக்கையால் நாடோறும் நூறு முறை பிடித்துவிடப்படுவதும், பழுதுற்றாலன்றி ஒருவராலும் நினைக்கப்படாததும் கிளட்ச் என்னும் உறுப்பேயாம். அது செம்மையாக வேலை செய்யுங்கால் அதன் அருமை தோன்றுவதில்லை. ஒரு லாரியைக் கடந்து முந்திச் செல்ல முற்படும் வேளையில் எஞ்சின் மாத்திரம் இரைந்து வண்டி முன்னேறாது நின்றாலும், ரயில்வே கேட்டின் முன் நிறுத்திய வண்டி பிடியை இறுக்கிப் பிடித்திருந்தும் தானே முன்னோக்கி நகர்ந்தாலும், அப்பொழுதுதான் அதன் அருமை விளங்கும். அந்நேரத்தில் விளங்குவதால் பயன் சிறிது. ஆகவே கிளட்ச் என்பது யாது, அதற்கு நேரும் கோளாறுகள் எவை, அவற்றின் காரணத்தை எங்ஙனம் கண்டு எங்ஙனம் நீக்குவது என்பவற்றை ஈண்டு ஒருவாறு விளக்கப் புகுகின்றோம்.

கிளட்ச் வேண்டப்படுவது ஏன்?

பெட்ரோல் எஞ்சின் மாட்டைப்போலவோ குதிரையைப்போலவோ நின்ற நிலையிலிருந்து பாரத்தை இழுக்கும் ஆற்றல் உடையதன்று. அது முதலிற் சுழன்று கொண்டிருத்தல் வேண்டும். குறைந்த அளவு நிமிஷத்திற்கு ஆயிரம் சுற்றேனும் சுழன்றாலன்றி அதனிடம் உழைக்கும் வலி தோன்றாது. சக்கரமோ புறப்படுமுன் அசைவற்று நிற்கின்றது. சுழலும் ஒன்றையும் நிற்கும் ஒன்றையும் திடீரெனப் பிணைத்தால், எஞ்சின் நின்றுவிடும். அன்றேல் வண்டி துள்ளிப் பாயும். இவ்விரண்டும் நேராவண்ணம், சிறிது சிறிதாக வழுக்கவிட்டு இறுதியில் இறுகப் பிணைக்கும் ஓர் இடையீட்டு உறுப்பு வேண்டும். அதுவே கிளட்ச். கியர் மாற்றும்போதும் அதன் பற்சக்கரங்களின்மேலுள்ள பாரத்தைக் கணப்பொழுது நீக்கித் தருவது அதுவே. ஆங்கிலத்தில் அப்பெயர்க்குப் பற்றிக்கொள்ளுதல் என்பது பொருள். பற்றவும் வேண்டும், விடவும் வேண்டும். இவ்விரு தொழிலுள் ஒன்று குறைந்தாலும் அது நோயுற்றதாகும்.

அமைப்பு

உதாரணத்திற்குப் பழைய புல்லட் வண்டியை எடுத்துக்கொள்வோம். 1932இல் இங்கிலாந்தில் அப்பெயருடன் வெளிவந்த வண்டி, 1955இல் சென்னையை அடுத்த திருவொற்றியூரில் என்ஃபீல்டு இந்தியா கம்பெனி நிறுவப்பட்டபின் நம் நாட்டு வண்டியே ஆயிற்று. நம் சாலைகளில் இன்றும் ஓடுகின்ற அதன் பழைய வகைகளில் எஞ்சினும் கியர்ப் பெட்டியும் வெவ்வேறாக அமைந்திருத்தலால், ஒவ்வோர் உறுப்பின் தொழிலையும் பிரித்துக் காண்டல் எளிது.

எஞ்சினின் சுழற்சி இடப்புறத்திலுள்ள ஒரு சங்கிலியால் கிளட்சின் டிரம்முக்குச் செல்கின்றது. டிரம்மினுள் இருவகை வட்டத் தகடுகள் மாறி மாறி அடுக்கப்பட்டுள்ளன. ஒருவகை, உராய்வுப் பொருள் பதித்த பிளேட்டுகள். இவை வெளி விளிம்பிலுள்ள காதுகளால் டிரம்மோடு பொருந்திச் சுழல்வன. மற்றொருவகை வெறும் எஃகுத் தகடுகள். இவை உள் விளிம்பிலுள்ள பற்களால் நடுக்குடத்தோடு பொருந்திச் சுழல்வன. நடுக்குடமோ கியர்ப் பெட்டியின் அச்சில் இறுக்கப்பட்டிருக்கின்றது. இவ்வடுக்கு முழுவதையும் வெளிப்புறத்திலிருந்து பிரஷர் பிளேட் என்னும் அழுத்துந் தகடு, ஸ்பிரிங்குகளின் வலியால் நெருக்கிக் கொண்டிருக்கின்றது. நெருக்கம் உள்ளவரை இருவகைத் தகடுகளும் ஒன்றாய்ச் சுழலும். அதுவே பற்றிய நிலை.

கைப்பிடியை இழுத்தால் கேபிள், கியர்ப் பெட்டியின் வலப்புறத்திலுள்ள ஒரு நெம்புகோலை இழுக்கின்றது. அந்நெம்புகோல், துளையுள்ள அச்சின் ஊடே செல்லும் ஒரு நீண்ட தள்ளுகோலைத் தள்ள, அது இடப்புறஞ் சென்று அழுத்துந் தகட்டை ஸ்பிரிங்குகளுக்கு எதிராக வெளியே தள்ளுகின்றது. நெருக்கம் நீங்கவே தகடுகள் பிரிந்து தனித்தனியே சுழல்கின்றன. அதுவே விட்ட நிலை. பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் உறுப்புக்களின் இடம் மாறினும் இம்முறை மாறுவதில்லை.

பல தகடுகள் எதன் பொருட்டு?

பௌதிகம் பயிலும் மாணவர்க்கு இங்கே ஒரு வினா எழலாம். ஒரே பெரிய தகடு போதாதோ? உராய்வு விசை பரப்பின் அளவைப் பொறுத்ததன்று, அழுத்தும் விசையையே பொறுத்தது என்பதை 1699இல் அமொந்தோன் என்னும் பிரெஞ்சு அறிஞர் எடுத்துரைத்தார். எனவே தகட்டை அகலமாக்குவதால் மட்டும் பிடிப்பு மிகாது. ஆனால் ஒரே ஸ்பிரிங் விசை, அடுக்கிலுள்ள ஒவ்வொரு முகத்தையும் முழு வலியோடு அழுத்துகின்றது. ஆதலின் முகங்கள் எத்தனையோ அத்தனை மடங்கு பிடிப்பு உண்டாகும்.

ஒரு கணக்கால் இதனை விளக்குவோம். ஸ்பிரிங்குகளின் மொத்த விசை 1,000 நியூட்டன், எண்ணெயில் நனைந்த பிளேட்டின் உராய்வெண் 0.12, உராயும் வட்டத்தின் சராசரி ஆரம் 6 சென்டிமீட்டர் எனக் கொள்வோம். ஒரு முகம் தாங்கும் முறுக்கு 7.2 நியூட்டன் மீட்டர். ஒரு பிளேட்டுக்கு முகம் இரண்டாதலின் 14.4. நான்கு பிளேட்டுகளுக்கு முகம் எட்டாதலின் 57.6. எஞ்சினின் முறுக்கு 25 எனவும், சங்கிலிச் சக்கரங்களின் அளவு வேறுபாட்டால் அது கிளட்சை அடையும்போது இருமடங்காகி 50 ஆகின்றது எனவும் கொண்டால், 57.6 அதனைத் தாங்கப் போதும். இனி ஸ்பிரிங்குகள் நாட்பட்டு ஐந்தில் ஒரு பங்கு வலியிழந்தன என்று வைத்துக்கொள்வோம். பிடிப்பு 46 ஆகக் குறையும். சமவெளியில் மெல்லச் செல்லுங்கால் எஞ்சின் 50ஐ வெளியிடுவதில்லையாதலின் ஒரு குறையும் தோன்றாது. ஏற்றத்தில், இருவரை ஏற்றிக்கொண்டு, திராட்டிலை முழுதும் திருகும்போதே கிளட்ச் வழுக்கும். வழுக்கல் நோய் முதன்முதலில் மலையேற்றத்திலும், பெரிய கியரில் முந்திச் செல்லும்போதும் வெளிப்படுவதன் காரணம் இதுவே.

‘பிளே’ என்னும் தளர்வு

கிளட்சின் கோளாறுகளுட் பெரும்பாலானவை ஒரு சிறு தளர்வைப் பற்றியவை. நம் மெக்கானிக்குகள் இதனைப் ‘பிளே’ என்பர். கைப்பிடியை இழுக்கத் தொடங்கியதும் முதலிற் சிறிது தூரம் எதிர்ப்பின்றி வருதல் வேண்டும். அதன் பின்னரே ஸ்பிரிங்குகளின் வலி கையிற் படுதல் வேண்டும். பல வண்டிகளில் இத்தளர்வு பிடியின் அடிப்பக்கத்தில் அளந்தால் 2 முதல் 3 மில்லிமீட்டரும், நுனியில் அளந்தால் 10 முதல் 20 மில்லிமீட்டரும் இருக்கும். ஒவ்வொரு வண்டிக்கும் உரிய அளவை அதன் கைப்புத்தகத்திற் காண்க.

இத்தளர்வு முற்றும் அற்றுப்போனால், கையை எடுத்த பின்னும் தள்ளுகோல் அழுத்துந் தகட்டைச் சிறிது தள்ளிக்கொண்டே இருக்கும். நெருக்கம் குறைந்து கிளட்ச் வழுக்கும். தளர்வு மிகுந்தாலோ, பிடியை முழுதும் இழுத்தும் தகடுகள் போதிய அளவு பிரியமாட்டா. கிளட்ச் ஒட்டியே நிற்கும். இவை ஒன்றற்கொன்று எதிரான நோய்கள்; ஒன்றின் மருந்து மற்றொன்றிற்கு நஞ்சாகும். கிளட்ச் வழுக்குகின்றது என்று கண்டவர், “பிடிப்புத் தளர்ந்துவிட்டது, கேபிளை இறுக்குவோம்” என்று எண்ணுதல் இயல்பு. ஆனால் கேபிளை இறுக்குவது உள்ளிருக்கும் பிடிப்பைத் தளர்த்துவதேயாகும். இதனை அறியாது இறுக்கி, நல்ல பிளேட்டுகளை நூறு மைலுக்குள் கருக்கிக்கொள்வோர் உளர்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. கேபிள் நாட்பட நீளும்; அதனால் தளர்வு மிகும். பிளேட்டுகள் தேய்ந்து மெலிந்தால் அழுத்துந் தகடு உட்புறம் நகர்ந்து தள்ளுகோலை அணுகும். அதனால் தளர்வு குறையும். ஆகவே ஒருவரும் தொடாதிருக்கையில் பிளே தானே மிகுந்தால் கேபிளையும், தானே குறைந்தால் பிளேட்டையும் ஐயுறுக. விலைகொடாமற் கிடைக்கும் இச்சோதனை பெட்டியைத் திறவாமலே உள்நிலையை உணர்த்தும்.

நோய்க்குறிகள்

முதலாவது, வழுக்கல். பெரிய கியரில் நடுவேகத்திற் செல்லுங்கால் திராட்டிலைச் சட்டெனத் திருகிப் பார்க்க. எஞ்சினின் ஓசை மட்டும் உயர்ந்து வேகம் உயராவிடில் வழுக்கல் உண்டு. பழைய புல்லட்டில் உதைகோலின் சுழற்சியும் கிளட்ச் வழியாகவே எஞ்சினுக்குச் செல்வதால், உதைக்கும்போது கால் மட்டும் இறங்கி எஞ்சின் சுழலாது நழுவுதலும் இதே நோயின் அடையாளம். காரணங்கள்: தளர்வின்மை, உறையினுட் சிக்கித் திரும்பி வாராத கேபிள், மெலிந்த ஸ்பிரிங், தேய்ந்தோ கருகியோ போன பிளேட், பொருந்தாத எண்ணெய்.

வழுக்கலைப் பொருட்படுத்தாது ஓட்டுதல் எத்துணைக் கேடு என்பதற்கும் கணக்குண்டு. 50 நியூட்டன் மீட்டர் முறுக்கோடு, நிமிஷத்திற்குச் சுமார் 480 சுற்று வித்தியாசத்தில் கிளட்ச் வழுக்கினால், அங்கு வெப்பமாகும் சக்தி ஏறக்குறைய 2,500 வாட். ஆயிரம் வாட் மின்சார அடுப்புகள் இரண்டரையை அச்சிறு பெட்டிக்குள் எரியவிட்டதற்கு அஃது ஒப்பாகும். எஃகுத் தகடு நீலம் பாய்ந்து கோணுவதும், உராய்வுப் பொருள் கருகுவதும் இதனாலேயே.

இரண்டாவது, ஒட்டல். பிடியை இழுத்தும் கியர் விழும்போது பெருஞ் சத்தம் கேட்பதும், நின்ற நிலையில் நியூட்ரல் அகப்படாமையும், வண்டி தானே ஊர்தலும் இதன் குறிகள். வண்டியை நடு ஸ்டாண்டில் உறுதியாக நிறுத்தி, முதல் கியரிற் போட்டுப் பிடியை இழுத்துப் பார்க்க. எண்ணெயின் பசையால் பின்சக்கரம் மெல்லச் சுழலலாம், அது குற்றமன்று. பிரேக்கைச் சிறிதளவு தொட்டதும் சக்கரம் நிற்கவேண்டும். சக்கரம் நில்லாது வலிந்து சுழன்றாலும், பிரேக்கால் எஞ்சினே நின்றாலும் ஒட்டல் உண்டென்று கொள்க. காரணங்கள்: மிகுந்த தளர்வு, கோணிய எஃகுத் தகடு, டிரம்மின் விரல்களில் பிளேட்டின் காதுகள் வெட்டிய பள்ளம், அளவுக்கு மிஞ்சிய அல்லது தடித்த எண்ணெய். பழைய புல்லட்டின் நான்கு கியர்ப் பெட்டியில் நியூட்ரலைத் தேடித்தரும் ஒரு தனி மிதி உண்டு. அதனை மிதித்து அன்றாடம் சமாளிப்பது நோயை மறைப்பதேயன்றி நீக்குவதாகாது.

சில நாள் ஓடாது நின்ற வண்டியில் தகடுகள் எண்ணெய்ப் பசையால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இதற்குப் பழைய ஓட்டுநர் கையாளும் எளிய உபாயம் ஒன்றுண்டு. புறப்படுமுன், எஞ்சினைக் கிளப்பாமலே பிடியை இழுத்துக்கொண்டு உதைகோலை நாலைந்து முறை மிதித்தால் தகடுகள் பிரிந்துவிடும். உதைகோல் கிளட்ச் வழியாக அமைந்த வண்டிகளுக்கே இது பொருந்தும்.

மூன்றாவது, உதறல். பிடியை மெல்ல விட்டும் வண்டி நடுங்கித் துள்ளிப் புறப்படும். கோணிய தகடும், டிரம்மின் பள்ளங்களும், மெருகேறிப் பளபளத்த பிளேட்டும் இதற்குக் காரணம்.

நான்காவது, பிடி கனத்தல். இதற்குப் பெரும்பாலும் குற்றவாளி கேபிளே. உறை நொறுங்கியிருக்கலாம், கூர்மையாக வளைந்திருக்கலாம், உள்ளிழை ஒன்றிரண்டு அறுந்து உராயலாம். இழை அறுந்த கேபிளை அன்றே மாற்றுக. அது முற்றும் அறும் நாளைத் தானே தேர்ந்தெடுக்கும். அந்நாள் பெரும்பாலும் நெரிசலான நாளாகவே இருக்கும்.

சீராக்கும் முறை

மருத்துவர் நாடியைப் பாராமல் கத்தியை எடுப்பதில்லை. அங்ஙனமே கிளட்சையும் வெளியிலிருந்து உள்நோக்கி ஆராய்தல் வேண்டும்: முதலிற் பிளே, பின் கேபிள், பின் தள்ளுகோல், எல்லாம் செவ்வையென்று கண்ட பின்னரே பிளேட். எஞ்சின் குளிர்ந்திருக்கையில் இவ்வேலையைத் தொடங்குக.

ஒன்று: கேபிளின் இருமுனையையும் பார்த்து, இழை அறாமல் உறை நேராக இருக்கின்றதா என்று அறிந்து, உள்ளே எண்ணெய் விடுக.

இரண்டு: கேபிளிலுள்ள திருகுகளைத் தளர்த்தி, அதனை முற்றும் தொய்யவிடுக. கேபிள் இழுத்துக்கொண்டிருக்கையில் தள்ளுகோலை அளத்தல், ஒரு தட்டில் கைவைத்துக்கொண்டு தராசில் நிறுப்பதற்கு ஒப்பாகும்.

மூன்று: தள்ளுகோலைச் சீராக்கும் திருகைக் காண்க. பழைய புல்லட்டில் அது கியர்ப் பெட்டிப் பக்கத்தது. லாக் நட்டைத் தளர்த்தி, திருகைச் சற்றே எதிர்ப்புத் தோன்றும்வரை மெல்லத் திருகுக. அங்கிருந்து பின்னோக்கிக் கால் சுற்று முதல் அரைச் சுற்று வரை விடுக; கைப்புத்தகம் வேறளவு கூறின் அதுவே பிரமாணம். திருகு அசையாதபடி பிடித்துக்கொண்டு லாக் நட்டை இறுக்குக. இறுக்கும்போது திருகும் உடன்சுழன்று செய்த வேலையைக் கெடுப்பது வழக்கமாதலின், இறுக்கியபின் ஒருமுறை சரிபார்க்க.

நான்கு: கேபிளின் திருகால் பிடியில் உரிய பிளேயை அமைக்க.

ஐந்து: ஹாண்டில்பாரை இடப்புறமும் வலப்புறமும் முழுதும் திருப்பிப் பார்க்க. இருபுறத்தும் பிளே மாறாதிருத்தல் வேண்டும். ஒருபுறம் திருப்புகையில் அது மறைந்தால் கேபிள் செல்லும் வழி தவறு.

ஆறு: சில மைல் ஓட்டிச் சூடேறிய பின்னும் பிளே இருக்கின்றதா என்று நோக்குக.

இவ்வளவும் செய்ய இரண்டு ஸ்பானரும், ஒரு திருப்புளியும், அரைமணி நேரமுமே வேண்டும். பிடியைத் திரவ அழுத்தத்தால் இயக்கும் புதுவகை வண்டிகளில் கேபிள் இல்லை. அவற்றில் திரவத்தின் அளவையும் குழாயிற் காற்றுப் புகுந்துளதா என்பதையும் பார்த்தல் வேண்டும்.

பெட்டியைத் திறக்க நேர்ந்தால்

இத்தனையும் செய்தபின்னும் வழுக்கல் நீங்காவிடில் திறத்தல் தகும். பிளேட்டின் கனத்தையும் ஸ்பிரிங்கின் நீளத்தையும் வெர்னியரால் அளந்து, கைப்புத்தகத்தின் எல்லையோடு ஒப்பிடுக. ஸ்பிரிங்குகளை ஒன்றிரண்டாக அன்றி முழுத்தொகுதியாகவே மாற்றுக; இல்லையேல் அழுத்துந் தகடு ஒருபுறம் சாய்ந்தெழும். எஃகுத் தகட்டைச் சமமான கண்ணாடிப் பலகையில் வைத்து, அடியில் மெல்லிய அளவுத்தகட்டைச் செருகிப் பார்த்தால் கோணல் தெரியும். டிரம்மின் விரல்களிற் சிறு பள்ளமாயின் அரத்தால் தேய்த்து நேராக்கலாம். ஆழ்ந்ததாயின் டிரம்மை மாற்றலே முறை. எண்ணெயில் இயங்கும் புதிய பிளேட்டுகளைப் பூட்டுமுன் எண்ணெயில் ஊறவைத்தல் வேண்டும். பழைய காலத்து உராய்வுப் பொருள்களில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருந்ததுண்டு. அத்தூள் நுரையீரலுக்குப் பெருந் தீங்காதலின், வாயாலோ காற்றுக் குழாயாலோ ஊதுதல் ஆகாது. ஈரத்துணியால் துடைத்தெடுக்க.

எண்ணெயும் பழக்கமும்

பழைய புல்லட்டின் சங்கிலிப் பெட்டிக்குத் தனி எண்ணெய் உண்டு. இக்காலத்து வண்டிகள் பலவற்றில் எஞ்சினின் எண்ணெயே கிளட்சையும் நனைக்கின்றது. கார்களுக்கென உராய்வைக் குறைக்கும் மருந்து கலந்த எண்ணெய்களை இவ்வண்டிகளில் ஊற்றினால், எஞ்சினுக்கு இதமாயினும் கிளட்ச் வழுக்கும். ஜாஸோ எம்.ஏ. என்ற குறி பொறித்த எண்ணெய் மோட்டார் சைக்கிளின் கிளட்சுக்கு ஏற்றதெனச் சோதிக்கப்பட்டது. வாங்குகையில் அக்குறியை நோக்குக.

ஓட்டும் பழக்கமும் நோய்க்கு வித்தாகும். மேட்டில் நிற்கும்போது பிரேக்கை விடுத்துப் பாதிப் பிடியில் வண்டியைத் தாங்கி நிற்றலும், ஓடும்போது இடைவிடாது பிடியின்மேல் விரலைச் சுமத்தி வைத்தலும் பிளேட்டுகளை ஓயாது உராய்விப்பன. இப்பழக்கங்களை விட்டவர்க்குக் கிளட்ச் நெடுங்காலம் உழைக்கும்.

இவற்றையெல்லாம் நம் வாசகர் ஒவ்வொருவரும் தம் கையாலேயே செய்துமுடிக்க வேண்டுமென்பது எம் கருத்தன்று. திறமையும் நேர்மையுமுள்ள மெக்கானிக் ஒருவரிடம் வண்டியை ஒப்புவிப்பதிற் குறையில்லை. ஆனால், “கிளட்ச் சரியில்லை” என்று மட்டும் சொல்லி விடுவதற்கும், “பிளே சரியாக உள்ளது, கேபிள் தடையின்றி ஓடுகின்றது, ஆயினும் நாலாம் கியரில் ஏற்றத்தில் வழுக்குகின்றது” என்று சொல்வதற்கும் பெருவேற்றுமை உண்டு. முன்னது கேட்டவர் ஊகிக்கத் தொடங்குவர். பின்னது கேட்டவர் வேலை தொடங்குவர். ஊகத்தின் செலவை வண்டிக்கு உடையவரே இறுக்கவேண்டும். வகுப்பறையிற் கற்ற உராய்வு விதி பரீக்ஷைத் தாளோடு நின்றுவிடாது, சாலையில் நம்மையும் நம் பின்னிருந்து வருவோரையும் காப்பதற்கு உதவுமாயின், கற்றதன் பயன் அதுவேயன்றோ? அடுத்த முறை வண்டியை எடுக்குமுன் இடக்கைப் பிடியை ஒருமுறை மெல்ல இழுத்து, அச்சிறு தளர்வு உளதா என்று நோக்குவீர்களாக.